இரண்டாவது சுற்று

பார்லி லேனால் ஏறி ஈஸ்டர்ன் அவென்யூவில் இடப்பக்கம் திரும்புமட்டும் மகள் ஒழுங்காகத்தான் கார் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை காலை. கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் பாதிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. முன்னால் ஒட்டியிருந்த 'எல்' அட்டையின் ஒரு மூலை கழன்று காற்றில் படபடத்தது. நியூபரி பார்க் ஸ்டேஷனின் செம்புக் கூரை தெரிந்ததும், "அப்பா, இனி ஒண்டும் கதைக்காதேங்கோ" என்றாள்.

நான் அதுவரை வாயே திறக்கவில்லை. என்னுடைய வலது கால்தான் கதைத்துக்கொண்டிருந்தது. இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, கீழே விரித்திருந்த றப்பர் விரிப்பு முன்னே சுருண்டு போயிருந்தது.

இனி வருவது கான்ட்ஸ் ஹில்.

லோஸ்டாஃப்ட் கடற்கரை வரைக்கும் போகிற ஏ12 ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிறது. இல்ஃபர்டிலிருந்து பார்க்கிங்சைடுக்குப் போகும் கிரான்புரூக் றோட்டு அதற்குக் குறுக்கே. வடமேற்கிலிருந்து வூட்ஃபர்ட் அவென்யூ. இவை போதாதென்று உள்ளூர்த் தெருக்களும் இடுக்கில் வாய் வைத்திருக்கின்றன. ஒரு பங்குக் கிணற்றில் எல்லா வீட்டு வாளியும் ஒரே நேரத்தில் இறங்கினால் எப்படி இருக்குமோ, அப்படி. எங்கள் ஆட்கள் இந்த வட்டச் சந்தியை 'றவுண்டபோட்' என்பார்கள். என்னோடு வேலை செய்த மதுரைக்காரர் 'ரவுண்டானா' என்பார். சென்னை மவுண்ட் ரோட்டில் 'ரவுண்ட் தாணா' என்று ஓர் இடம் இருந்ததாம், வட்டமான பொலிஸ் தாணா, அதிலிருந்துதான் அந்தச் சொல்லே வந்தது என்று அடித்துச் சொல்வார். சரியோ பிழையோ, வட்டத்தின் நடுவில் பொலிஸ் நிற்பது எனக்கும் தெரிந்த காட்சிதான்.

கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டம் என்று ஒன்று இருக்கிறது. இப்போது டி சொய்சா சுற்றுவட்டம் என்று பெயர். ஆனால் தேயிலைக்கார லிப்டனை இன்னும் ஒருவரும் விட்டபாடில்லை. பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பழைய கண்ணாஸ்பத்திரிக் கட்டடம். 1998இல், விசாவுக்காகக் காத்திருந்த ஏழு மாதமும், அந்த வட்டத்தைச் சுற்றித்தான் நடந்தேன். அடையாள அட்டை சட்டைப்பையில், பொலிஸ் பதிவுத் துண்டு அதற்குப் பின்னால். கை காட்டினால் நிற்கவேண்டும், கை காட்டினால் போகவேண்டும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கைதான். எது எதற்கென்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதல் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில், அதற்கும் முதல் வேறு எங்கெங்கோ. இருபத்தைந்து வயதுக்குள், யாராவது "போ" என்று சொல்லும்வரை நிற்பதில் நான் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன்.

பின்னால் ஒரு வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

"பச்சை விழுந்திட்டுது, பிள்ளை."

"தெரியும். முன்னுக்கு எங்க இடம் இருக்கு?"

அவள் சொன்னது நியாயம். சிக்னல் பச்சைதான், ஆனால் போக இடமில்லை. வூட்ஃபர்ட் அவென்யூப் பக்கம் வெளியேற வேண்டியவர்கள் அங்கே அடைபட்டு, அவர்களின் வால் வட்டத்துக்குள் சுருண்டு, எங்கள் வாயை மறித்துக்கொண்டு கிடந்தது. இந்த இடத்தின் வருத்தமே இதுதான். எல்லாப் பக்கத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு வாகனம் வந்தால்தான் வட்டம் சுழலும். இங்கே ஏ12 ஆறு மாதிரி வருகிறது, மற்றவை வாய்க்கால்கள். ஆற்றுக்குள் இடைவெளி பார்த்து வாய்க்கால் நுழைவது எப்படி? அதற்காகச் சிக்னல் போட்டால், சிக்னல் வட்டத்தை நாலைந்து சந்திகளாக வெட்டிப்போடுகிறது. பேருக்குத்தான் வட்டம்.

பெருவீதியைக் கீழே இறக்கிச் சுரங்கமாக விட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. கீழே ஏற்கெனவே ஆள் இருக்கிறது. கான்ட்ஸ் ஹில் ஸ்டேஷனுக்கு நிலத்துக்கு மேலே கட்டடமே கிடையாது. வட்டத்தின் அடியில்தான் டிக்கெட் மண்டபம், நாலாபக்கமும் சுரங்கப் பாதைகள். அதற்கும் கீழே, எஸ்கலேட்டரால் இறங்கினால், சார்ல்ஸ் ஹோல்டன் மொஸ்கோ மெட்ரோவை நினைத்து வரைந்த அந்த நீண்ட வளைகூரை மண்டபம். ரயில் ஓடத் தொடங்கியது 1947 டிசம்பரில். ஆனால் சுரங்கம் அதற்குப் பல வருஷம் முன்பே தோண்டியாயிற்று. யுத்தகாலத்தில் பிளெஸி நிறுவனம் அதற்குள் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை நடத்தியது. லேட்டன்ஸ்டோனிலிருந்து இங்குவரை குழாய்க்குள் நீண்ட தொழிற்சாலை. சாமான் ஏற்றி இறக்க அதற்குள்ளேயே ஒரு குட்டி ரயில். இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் வீட்டுப் பின்வளவுப் பங்கர்தான் ஞாபகம் வந்தது. தென்னங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி, ஆறு பேர் குந்தியிருக்க இடம். அதற்குள் அம்மம்மா வெற்றிலைத் தட்டத்தை மறக்காமல் கொண்டுவருவா.

வந்த புதிதில் இரவு வேலை முடித்துக் கடைசி ரயிலில் வந்து இங்கே இறங்குவேன். ஒரு வாயால் ஏறினால் இல்ஃபர்ட் பக்கம். அடுத்த வாய் எந்தப் பக்கமோ. மூன்று கிழமை தொடர்ந்து பிழையான வாயால் வெளியே வந்தேன். வந்து பார்த்தால், போகவேண்டிய பஸ் வட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும். திரும்ப இறங்கி, திரும்ப ஏற, பஸ் போயிருக்கும். அப்போது மேலால் கடக்க இப்போது இருக்கிற மாதிரி வசதி இல்லை.

கார் நகர்ந்தது. மகள் கிளச்சை விட, கார் ஒருமுறை குலுங்கிப் பிறகு வழுக்கிக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கியது. அவளுடைய விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. வலப்பக்க லேனில், நடுவில் இருக்கும் மேட்டை ஒட்டி. இல்ஃபர்ட் வாய் போயிற்று. மேற்கு ஏ12 போயிற்று.

எனக்குக் கார் பழக்கியவர் அண்ணைதான். எல்லாரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டதால் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. 2001. குட்மேய்ஸில்தான் டெஸ்ட் சென்டர். அதனால் அந்தப் பக்கத்துத் தெருக்கள் முழுக்க எல் அட்டைகள் எறும்பு மாதிரி ஊரும். முதல்தரம் என்னை இங்கே கூட்டிவந்தபோது கார் மூக்கை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றேன். அண்ணை வெற்றிலை மெல்லுகிறவர் போலச் சாவகாசமாகச் சொன்னார்:

"தம்பி, நல்லூர் வீதி சுத்தியிருக்கிறீரோ?"

"ஓம் அண்ணை."

"சாமி எந்தப் பக்கம் இருக்கும்?"

"வலப்பக்கம்."

"அவ்வளவுதான். வலம் வாரும். வலப்பக்கத்தால வாறவனுக்கு விடும். அவன் ஏற்கெனவே சுத்திறான்."

நல்லூர் முருகன் கோயிலோ வேறு கோயிலோ, சுற்றுகிற திசை இங்கிலாந்து றவுண்டபோட்டிலும் அதேதான். இடப்பக்கம் ஓடும் நாடு என்பதால் வட்டம் வலஞ்சுழி. இந்த ஒற்றை வசனத்தால் எனக்குப் பாதிப் பயம் போயிற்று. மற்றப் பாதி அண்ணையே சொன்ன இன்னொன்றால் திரும்ப வந்தது: "ஆனா தம்பி, தேருக்கு முன்னால போய் நிண்டு சாமி கும்பிடக் கூடாது."

வலப்பக்கத்துக்கு முதலிடம் என்பது பிரித்தானியாவில் 1966 நவம்பரில்தான் விதியாயிற்று. லெட்ச்வர்த்தில் முதல் வட்டம் போட்டது 1909. இடையில் ஐம்பத்தேழு வருஷம். யார் யாருக்கு விடுவது என்று தீர்மானமே இல்லை. நுழைகிறவர்கள் நுழைந்துகொண்டே இருக்க, வெளியேற வழியில்லாமல் வட்டம் பூட்டிக்கொள்ளும். ஃபிராங்க் பிளாக்மோர் என்ற பொறியியலாளர் இதிலேயே ஊறியவர். ஸ்விண்டனில் 1972இல் ஐந்து குட்டி வட்டங்களை ஒரு வட்டத்தைச் சுற்றி வைத்தவர். வெறும் பெயின்ற் அடித்த குட்டி றவுண்டபோட்டும் அவருடைய உபயமே. அவர்மேல் எனக்குத் தனிக் கோபம் ஒன்று உண்டு.

டெஸ்ட் அன்று கான்ட்ஸ் ஹில்லை நினைத்து இரவு முழுக்க நித்திரையில்லை. பரிசோதகர் அந்தப் பக்கமே கூட்டிப்போகவில்லை. ஒரு பின் தெருவில், தோசைக்கல் அளவு பெயின்ற் வட்டம். வலப்பக்கத்தில் ஒரு கிழவி சின்னக் காரில். நான் அவவுக்கு விட்டேன். அவ எனக்கு விட்டா. நான் காத்திருந்தேன். அவ கை காட்டினா. அந்தக் கை "போ" என்றதா, "நில்" என்றதா? முகத்தைப் பார்த்தேன், கண்ணாடியில் வெயில். பின்னால் மூன்று கார்கள் சேர்ந்துவிட்டன. தாளில் எழுதியிருந்தது: தேவையற்ற தயக்கம். இரண்டாம் தரம் பாஸ், அது வேறு கதை.

"அப்பா! எங்கட எக்ஸிட் இதுதானே?"

வூட்ஃபர்ட் அவென்யூவும் பார்க்கிங்சைடும் எப்போது போயின என்று எனக்குத் தெரியவில்லை. குட்மேய்ஸ் பக்கம் திரும்பும் ஏ12 வாய் இடப்பக்கத்தில் நெருங்கியது. நாங்கள் இன்னும் வலப்பக்க லேனில். இடையில் ஒரு 66ஆம் நம்பர் பஸ், ஆனை மாதிரி.

"ஓம், ஆனா..."

"போகேலாது. விட்டிட்டன்."

வாய் எங்களைக் கடந்து போயிற்று. நான் விரிப்பை இன்னும் ஒரு அங்குலம் முன்னே தள்ளினேன். பழத்துக்காக உலகம் முழுக்கச் சுற்றிவந்தவருக்குக் கடைசியில் பழம் கிடைக்கவில்லை. நல்லூர்க்காரன் என்றபடியால் எனக்கு எப்போதும் அவர் பக்கம்தான். ஆனால் மகள் பதறவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், சிக்னல் போட்டாள். பஸ் சற்றுப் பின்வாங்கியது. ஒருவரும் அவளுக்குக் கை காட்டவில்லை.

இல்ஃபர்ட் வாயால் வெளியே வந்தோம்.

"செவன் கிங்ஸ் சுத்திப் போவம்" என்றாள். "கொத்து றொட்டி வாங்கலாம்."

"காலமையோ?"

"நீங்கள் முதல்ல அந்த விரிப்பைக் கீழ எடுத்து விரியுங்கோ."