இருமுறை பாடிய தாலாட்டு

ஒருவரே ஒரு பாட்டை இரண்டு முறை பாடி, அவ்விரண்டு பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கச் செய்வதை ஒலிப்பதிவாளர்கள் ‘டபுள் டிராக்கிங்’ என்பர். இரட்டைப் பதிவு என்று நாம் சொல்லலாம். தனித்துக் கேட்கையில் மெலிந்து தோன்றும் குரலும் இம்முறையினால் நிறைவு பெறும். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே உரியது என்று பலரும் எண்ணும் இக்கலையை, சகோதரிகளாகிய நாங்கள் இருவரும் சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் பழகினோம். அதைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

இக்கலையின் வரலாற்றில் வீட்டிற்கும் பங்குண்டு. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பாலும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் ‘ஹவ் ஹை த மூன்’ என்ற பாடலை நியூயார்க்கில் தங்கள் இல்லத்திலேயே பதிவு செய்தனர். மேரி ஃபோர்டின் ஒரே குரல் பல அடுக்குகளாக ஒலிக்கும் அப்பாடல் 1951-ஆம் ஆண்டில் அந்நாட்டில் முதலிடம் பெற்றது. அக்காலத்தில் கணினி ஏது? பழைய பதிவுடன் புதிய குரலையும் சேர்த்து மீண்டும் நாடாவில் பதிய வேண்டும். கடைசி அடுக்கில் ஒரு சொல் பிசகினாலும் அதுவரை பட்ட பாடு வீணாகும். பின்னர் பீட்டில்ஸ் குழுவினர் இருமுறை பாடிப் பாடிச் சலித்தபோது, லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்துப் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966-இல் ஓர் உபாயம் கண்டார். இரண்டு நாடாப் பொறிகளைக் கொண்டு, ஒரே குரலை நொடியில் ஒரு சிறு பகுதி தாமதமாக மறுபடி ஒலிக்கச் செய்தார். ஒருமுறை பாடினாலே போதும் என்றாயிற்று.

எங்களுக்கு இக்கலை தேவைப்பட்டதன் காரணம் எங்கள் ஆச்சி. மஸ்கட்டிலுள்ள எங்கள் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் குடும்பத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஆச்சி பாடும் தாலாட்டு ஒன்றுண்டு. அது ஆச்சியின் தாயார் பாடியது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுபத்தெட்டு வயதில், மூட்டு வலியுடன் விமானம் ஏற ஆச்சியால் இயலாது. “பாட்டையாவது அனுப்பலாமே” என்றோம். “எனக்குக் குரல் எங்க இருக்கு பிள்ளைகளா? நூல் மாதிரில்ல வருது” என்று மறுத்துவிட்டார்கள். அந்த நூலை இரட்டை இழையாக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

பின்னறையில் துணி பீரோவைத் திறந்து வைத்து, சுவரோரம் போர்வைகளைத் தொங்கவிட்டோம். எதிரொலியைத் துணி வாங்கிக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்தினோம். கைப்பேசியையும் அப்பாவின் பழைய கணினியையும் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளையும் தவிர வேறு கருவி இல்லை. முதல் பதிவு முடிந்ததும் அதை ஆச்சியின் காதில் ஹெட்போன் மூலம் ஒலிக்கவிட்டு, அதனுடன் சேர்ந்து பாடச் சொன்னோம். ஒலிபெருக்கியில் போட்டால் பழைய குரலும் புதிய பதிவில் புகுந்துவிடும். கம்பியில்லா ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். ஆகையால் கம்பியுள்ளதே இதற்கு ஏற்றது.

ஒரு பதிவையே கணினியில் பிரதி எடுத்துச் சேர்த்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அச்சு மாறாத இரு பதிவுகளை ஒருசேர ஒலித்தால் ஆறு டெசிபல் ஒலி கூடும். குரலின் தன்மை மாறாது. இருமுறை பாடும்போதோ மூச்சு, சுருதி, சொல் தொடங்கும் நேரம் எல்லாம் மயிரிழை வேறுபடும். அவ்வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கும்வரை நம் செவி அதை இரு குரல்களாகப் பிரிக்காமல், ஒரே நிறைந்த குரலாக ஏற்கிறது. வேறுபாடு மிகுந்தால் குரல்கள் பிரிந்து கேட்கும். ‘ச’ போன்ற சீறும் ஒலிகளில் இது விரைவில் வெளிப்படும். அவ்விடங்களில் இரண்டாம் பதிவின் ஒலியைக் குறைத்தோம்.

ஆச்சிக்கு மூச்சு வாங்கியதால் நாளுக்கு நான்கு வரிகளாக ஐந்து நாட்கள் பதிந்தோம். மூன்றாம் நாள் ஆச்சி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, “ஒருத்தி பாடினத ரெண்டு பேர் பாடின மாதிரி காட்டுறது பொய் இல்லையா?” என்று கேட்டார்கள். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்று பதிவு நின்றது. இரவெல்லாம் நாங்கள் அதையே பேசினோம். மறுநாள், “ஆச்சி, நீங்கள் பாடாத ஒரு சொல்லையும் நாங்கள் சேர்க்கவில்லை. இரண்டு தடவையும் மூச்சைப் பிடித்துப் பாடியது நீங்கள்தானே?” என்றோம். ஆச்சி சற்று யோசித்தார்கள். “அப்போ அதையும் சொல்லிட்டுத்தான் அனுப்பணும்” என்று நிபந்தனை விதித்துவிட்டுப் பாட வந்தார்கள்.

அதன்படியே பாட்டு முடிந்ததும் ஆச்சி பேசுகிறார்கள். “ரெண்டு தடவையும் பாடினது நாந்தான் தாயி. ஒரு தடவை உனக்கு, ஒரு தடவை உன் பிள்ளைக்கு.” அவ்வரியை நாங்கள் இரட்டிக்கவில்லை. நடுங்கும் அந்த ஒற்றைக் குரலை அப்படியே விட்டோம்.

தாலாட்டைக் கேட்டுக் குழந்தை உறங்குகிறாள் என்று அத்தை தொலைபேசியில் சொன்னார்கள். குழந்தை உறங்கிய பிறகு அந்தக் கடைசி வரியைத் தாம் மட்டும் மறுபடி போட்டுக் கேட்பதாகவும் சொன்னார்கள்.

தோழியரே, உங்கள் இல்லங்களிலும் ஏட்டில் ஏறாத பாட்டுகள் இருக்கும். அவற்றை அறிந்தவர்கள் “குரல் போய்விட்டது” என்று தயங்கலாம். அருகில் அமர்ந்து, பொறுமையாக ஒருமுறை பாடச் சொல்லுங்கள். இயன்றால் இன்னொரு முறையும் பாடச் சொல்லுங்கள். இருமுறையும் ஒன்றுபோல் அமையாது. அமைய வேண்டியதும் இல்லை.