காலுக்கு ஒரு டிம்மர்

காலை ஐந்தரை மணிக்குத் தொலைபேசியில் மாமா கேட்ட முதல் கேள்வி: "அம்மிணி, இந்தியிலே காலுக்கு என்னன்னு சொல்லுவாங்க?"

"பைர்" என்றேன் தூக்கக் கலக்கத்தில்.

"செரி. டிம்மருக்கு?"

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழில் முதுகலைப் பட்டம். தில்லியில் உட்கார்ந்து ஆங்கிலத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் மொழிபெயர்ப்பதே பிழைப்பு. பட்ஜெட் உரை முதல் பல்பொடி விளம்பரம் வரை கை பார்த்தாகிவிட்டது. ஆனால் லாரி ஓட்டுநர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தேடும் சொல் எந்த அகராதியிலும் முன் வரிசையில் இருப்பதில்லை. "நேரிலேயே வர்றேன் மாமா. எங்கே இருக்கீங்க?"

அவர் இருந்தது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில். திருப்பூரிலிருந்து ஏற்றிவந்த பனியன் பார்சலை இறக்கிவிட்டு, திரும்பு லோடுக்காகக் காத்திருந்தார். மாமா என் அம்மாவின் தம்பி. வயது 57. சங்ககிரியில் வீடு. ஒரே ஒரு லாரி, அதுவும் தவணையில் வாங்கியது. இன்னும் 26 தவணை பாக்கி. கூடவே ஒரு இளம் டிரைவர் பையன்.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரியின் கேபின் மேல் ஏறி உட்காரச் சொன்னார். ஸ்டியரிங்கின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த லீவரைக் காட்டினார். பிறகு தன் வலது கையை. போன வருடம் லோடு கட்டும்போது கயிறு முறுக்கும் கம்பி எகிறி அடித்ததில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உடைந்தன. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. மற்ற விரல்களாலும் உள்ளங்கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் லீவரை இழுக்க வேண்டியது அந்த இரண்டு விரல்கள்தான். எதிரே வண்டி வந்தால் இழுத்து டிம், அது போனதும் இழுத்து பிரைட். ஒரு ராத்திரியில் எத்தனை முறை என்று அவர் எண்ணியதில்லை. கையை விட்டுவிட்டு இழுத்தால் வண்டி அலைகிறது.

"அம்மிணி, உன்கிட்டே சொல்றதுக்கு என்ன. மூணு மாசமா நான் யாருக்கும் டிம் அடிக்கறதில்லே" என்றார். 'நான் குடிக்க ஆரம்பித்துவிட்டேன்' என்று சொல்வது போன்ற குரலில்.

முதலில் பிரைட்டிலேயே ஓட்டியிருக்கிறார். எதிரே வந்தவர்கள் திட்டினார்கள். சிலர் பதிலுக்குத் தாங்களும் பிரைட்டைப் போட்டுக் கண்ணைக் கூச வைத்தார்கள். பிறகு டிம்மிலேயே ஓட்டியிருக்கிறார். அது யாருக்கும் தொல்லையில்லை, அவரைத் தவிர. ஒரு முறை பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டதாம். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. வயதாக ஆக, கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்பவும் அதிக நேரம் ஆகிறது. மாமாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது, டிராக்டர் தெரியும்.

அவர் கேட்டது புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அம்பாசடர் காரில் கிளட்சுக்கு இடப்பக்கம் தரையில் ஒரு குமிழ் இருக்கும், நினைவிருக்கிறதா? இடது காலால் 'டக்' என்று மிதித்தால் டிம். இன்னொரு 'டக்', பிரைட். பழைய ஜீப்பிலும் அதுதான். அமெரிக்காவில் 1927 வாக்கில் வந்த ஏற்பாடு. அங்கே ஃபோர்டு நிறுவனத்தின் சில வண்டிகளில் 1991 வரைகூட இருந்தது. இங்கே 2014இல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. கைக்குப் பக்கத்தில் லீவர் வந்ததும் கால் குமிழை எல்லோரும் மறந்துவிட்டோம். கை எப்போதும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான், வேறென்ன.

சின்ன வயதில் மாமா ஓட்டிய வாடகை அம்பாசடரில் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். நின்ற வண்டியில் அந்தக் குமிழை மிதிக்க விடுவார். எதிர்ச்சுவரில் வெளிச்சம் குனியும், நிமிரும். என் காலுக்கு அவ்வளவு அதிகாரம் அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

மாமா ஏற்கெனவே ஒரு முறை முயன்று பார்த்துவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்தப் பயணத்திலேயே, ஹைதராபாத் தாண்டி ஒரு சாலையோரப் பட்டறையில், விளக்குக்குப் போகும் தடித்த வயரை வெட்டி நடுவில் ஒரு பழைய கால் சுவிட்சைச் சொருகியிருக்கிறார்கள். உடனே டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. 'பரவாயில்லை, அது சும்மா' என்று அனுப்பிவிட்டார்கள். லக்னாதோன் தாண்டி மழை. செருப்பு ஈரம் சொட்டச் சொட்டக் குமிழை மிதித்திருக்கிறார். இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் அணைந்துவிட்டன.

"எத்தனை நேரம் மாமா?"

"மெயின் சுவிட்சை அணைச்சுப் போட்டதும் வந்துருச்சு. பத்து எண்ற நேரம் இருக்கும்." பிறகு சொன்னார்: "அந்தப் பையன் தூங்கிட்டிருந்தான். நல்லவேளை."

அந்த சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வயரை முறுக்கி டேப் சுற்றி தில்லி வந்து சேர்ந்திருக்கிறார். இந்த முறை விவரம் தெரிந்தவரிடம் போக வேண்டும். அவரிடம் பேச ஆள் வேண்டும். அதற்குத்தான் நான்.

டிரான்ஸ்போர்ட் நகரில் மூன்று கடைகளில் கைவிரித்தார்கள். நான்காவது கடையில் அறுபது வயதைத் தாண்டிய மிஸ்திரி ஒருவர், கையில் மீட்டருடன் உட்கார்ந்திருந்தார். "டிம்மர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மாமா குறுக்கே புகுந்து, "டிப்பர், டிப்பர்" என்றார். தமிழ்நாட்டில் டிப்பர் என்றால் மணல் கொட்டும் லாரி. இந்தியில் அதுதான் சரியான சொல். வட இந்திய லாரிகளின் முதுகில் 'இரவில் டிப்பர் பயன்படுத்து' என்று எழுதியிருப்பதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர் மாமா. "பைர்வாலா டிப்பர்?" என்று மிஸ்திரி முகம் மலர்ந்தார். முப்பது வருடமாக அப்படி ஒன்றைத் தான் பொருத்தியதே இல்லை என்றார்.

ஒரு கார் கம்பெனியின் கையேட்டை மொழிபெயர்த்தபோது இதே பொருளுக்கு நான் 'ஒளி தாழ்த்தும் விசை' என்று எழுதியிருந்தேன். மாமாவிடம் சொன்னதற்கு, "அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ளே எதிர் வண்டி போயிருமே" என்றார்.

மிஸ்திரி முதலில் முந்தைய பட்டறையின் வேலையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அவர் சொன்னதை மாமாவுக்கு இப்படிச் சொன்னேன்: பழைய வண்டியில் மின்சாரம் சுவிட்ச் வழியாகவே விளக்குக்குப் போகும். சுவிட்சில் மூன்றே முனை. ஒன்றில் வரவு, மற்ற இரண்டில் ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. மிதித்தால் உள்ளே ஒரு பல்சக்கரம் சுழன்று தடம் மாற்றும். அதற்கு மூளை கிடையாது. இந்தப் புது வண்டியில் லீவர் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. மெல்லிய வயரில் ஒரு சைகை மட்டும் அனுப்புகிறது. அதைக் கேட்டு ஒரு கன்ட்ரோல் பாக்ஸ் விளக்குக்கு மின்சாரம் கொடுக்கிறது. எவ்வளவு போகிறது என்று கவனித்துக்கொண்டும் இருக்கிறது. நடுவில் வெட்டினால் பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் ஆபத்து என்று மொத்தத்தையும் நிறுத்திவிடும். லக்னாதோனில் நடந்தது அதுதான்.

"அப்போ முடியாதுங்கறாரா?" என்றார் மாமா. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை இந்தியில் சொல்வது சுலபமாக இல்லை.

மிஸ்திரி பதில் சொல்லவில்லை. ஸ்டியரிங் உறையைக் கழற்றி, லீவரின் பிளக்கைத் திறந்து, மீட்டரின் ஊசிகளை வைத்தார். மாமாவை இழுக்கச் சொன்னார். முள் சாய்ந்தது. விட்டதும் திரும்பியது. மறுபடி. மறுபடி. ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு மெல்லிய வயர் ஒரு கணம் எர்த்தைத் தொட்டு விலகுகிறது, அவ்வளவே. இந்த வண்டியில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒரே இழுப்பு என்பதால் வேலை சுலபமாகிவிட்டது. லீவரை முன்னே தள்ளி நிறுத்தும் வகை என்றால் கதை வேறு என்றார். அதே வயரிலிருந்து ஒரு கிளை எடுத்துத் தரைக்குக் கொண்டுபோனால், கால் மிதிப்பதையும் கை இழுப்பதாகவே பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். விளக்கு வயரைத் தொடவே வேண்டாம். லீவரும் எப்போதும் போல் வேலை செய்யும்.

எனக்கு அந்த இடத்தில் ஒரு பொறாமை வந்தது. மொழிபெயர்ப்பு என்றால் இதுதான். மூலத்தை வெட்டாமல், கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியாமல்.

காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் பையனை அனுப்பி ஜீப்புக்கான கால் சுவிட்ச் இரண்டு வாங்கிவரச் செய்தோம். ஒன்று கைவசம் இருக்கட்டும் என்றார் மாமா. புறநானூற்றுக் காலத்து உப்பு வணிகர்களும் வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் போனார்கள். கடைசி வழிவந்தவர் எனக்கு முன்னால் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அந்த சுவிட்ச் அப்படியே உதவாது. ஒரு முறை மிதித்தால் அடுத்த மிதிவரை ஒரே பக்கம் நிற்கும் ஜாதி அது. நமக்கு வேண்டியது தொட்டு விலகுவது. மிஸ்திரி அதன் வயிற்றைத் திறந்து பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஒரு பித்தளைத் தகட்டைப் பற்றவைத்தார். கேபின் தரையில் துளை போட மறுத்தார். ஏற்கெனவே இருந்த போல்ட்டில் ஒரு வளைந்த இரும்புப் பட்டையை மாட்டி அதன்மேல் உட்கார வைத்தார். மேலே சைக்கிள் டியூப்பில் வெட்டிய உறை. உள்ளே கிரீஸ். சிறிய ஃபியூஸ் ஒன்று. முறுக்கிய தடித்த வயர்களைப் பிரித்து முறையாகப் பற்றவைத்தபோது எச்சரிக்கை விளக்கு தானாகவே அணைந்தது.

மாமா ஏறி உட்கார்ந்து மிதித்தார். டேஷ்போர்டில் நீல விளக்கு வந்தது. மிதித்தார், போனது. ஆனால் முகம் சரியில்லை.

"என்ன மாமா?"

"சத்தம் வரலையே."

பல்சக்கரம் போனதும் 'டக்' போய்விட்டது. ராத்திரியில் நீல விளக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கால் மிதித்ததா இல்லையா என்பது காலுக்கே தெரிய வேண்டும் என்கிறார். இதை எப்படி இந்தியில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் மாமா நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு 'டக்' கொடுத்தார். மிஸ்திரி உடனே சுவிட்சைக் கழற்றினார். திருவிழாவில் விற்கும் தகரத் தவளை பொம்மையை அழுத்தினால் சத்தம் வருமே, அது போல வளைந்த எஃகுத் தகடு ஒன்றைக் குமிழுக்கு அடியில் வைத்து மூடினார். இப்போது வந்தது 'டக்'. பழைய சத்தம் இல்லைதான். தங்கை மாதிரி இருந்தது.

மாலை இருட்டியதும் குடோன் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்திச் சோதித்தோம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதைப் பற்றியதுதான். விளக்குக்கு முன்னால் எட்டு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. எட்டு மீட்டரைக் காலால் அளந்து நின்றேன். ஒன்றரை மீட்டர் என்பது கிட்டத்தட்ட என் கண் உயரம். மாமா மிதித்தார். வெளிச்சம் என் முகத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியது.

சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து 1,550 ரூபாய். வாரண்டி என்ன ஆகும் என்று நான் கேட்டேன். கம்பெனிக்காரர்கள் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், போகும்முன் கழற்றிவிடுங்கள் என்றார் மிஸ்திரி, வெட்கமில்லாமல். இதை மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். அந்தக் கையோடு அவர் ஓட்டலாமா என்ற கேள்வியை மட்டும் எந்த மொழியிலும் யாரிடமும் கேட்கவில்லை.

கேட்டவர் அத்தை. மறுநாள் இரவு சங்ககிரியிலிருந்து பேசினார். "அம்மிணி, அந்த மனுசனை வண்டியை விட்டு எறக்கறதுக்கு எனக்கிருந்த ஒரே சாக்கு அந்தக் கைதான். தீபாவளியோட வித்துரலாம்னு பாதி ஒத்துக்கிட்டாரு. நீ அதுக்கும் வழி பண்ணிக் குடுத்துட்டே."

தவணை, வட்டி என்று ஏதோ சொன்னேன். அத்தை அதைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏங்கண்ணு, அது எந்தக் காலுக்கு?" என்றார்.

"இடது கால் அத்தை."

"கிளட்சு மிதிக்கறதும் அதே கால்தானே?"

மிஸ்திரியிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி. மாமாவைக் கூப்பிட்டேன். குவாலியருக்குப் பக்கத்தில் ஒரு தாபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "அம்பாசடர்லயும் அப்படித்தானே இருந்துச்சு" என்றார். கியர் மாற்றும் நேரத்தில் எதிரே வண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று விடாமல் கேட்டேன்.

"அப்போ மட்டும் கையிலே இழுத்துக்குவேன். ராத்திரிக்கு ஒரு இருவது தடவை வரும். அதுக்கு இந்தக் கை தாங்கும்."

பின்னால் பையன் கூப்பிடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.