போருக்கு முன்னே வரும் பேச்சு



மீண்டும் ஒரு போர் வருமா? நம் வீடுகளில் இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகவே இருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாட்கள் மோதின. ஈரானின் அணுசக்தி நிலையங்கள்மீது அமெரிக்கா குண்டு வீசியது. கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளமான அல் உதைதை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவியது. பின்னர் சண்டை நின்றது, பேச்சு நிற்கவில்லை. அடுத்த அடி இதைவிடக் கடுமையாக இருக்கும் என்று இரு தரப்புத் தலைவர்களும் சூளுரைத்தனர்.

கத்தார் என்பது நமக்கு வெளிநாட்டுச் செய்தி அன்று. எங்கள் ஊரில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. அந்த ஜூன் மாதத்தில் மத்ரஸாவில் பாடம் முடிந்ததும் ஒரு மாணவன் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், எங்க வாப்பா தோஹாவுல இருக்காங்க. திரும்பவும் ராக்கெட் விடுவாங்களா?" என்று கேட்டான். அதே நேரத்தில் பெரிய மாணவர்கள் இருவர் வாசலில் நின்று, ஏவுகணைகள் பாயும் காணொளியைக் கைப்பேசியில் பார்த்து ஆரவாரம் செய்துகொண்டிருந்தனர். ஒருவனுக்கு அச்சம், மற்றவர்களுக்கு வேடிக்கை. இவ்விரண்டுக்கும் நடுவில் ஓர் ஆசிரியனாக நான் என்ன சொல்ல வேண்டும் என்ற சிந்தனையே இக்கட்டுரை.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது நான் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். என் மாமா அப்போது குவைத்தில் வேலையில் இருந்தார். பல வாரங்கள் அவரிடமிருந்து தகவல் இல்லை. மாமி வானொலியின் அருகிலேயே தஸ்பீஹுடன் அமர்ந்திருப்பார். இறுதியில் மாமா பாலைவனச் சாலைகளைக் கடந்து ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்து, ஏர் இந்தியா விமானத்தில் தாயகம் திரும்பினார். அவ்வழியே மீட்கப்பட்ட இந்தியர்கள் 1,70,000-க்கும் அதிகம். பல ஆண்டு உழைப்பில் மாமாவுக்கு மிஞ்சியது கையில் ஒரு பை மட்டுமே.

அந்த ஆண்டு அக்டோபரில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் 15 வயதுக் குவைத் சிறுமி ஒருத்தி சாட்சி கூறினாள். குறைமாதக் குழந்தைகளை மருத்துவமனைக் கருவிகளிலிருந்து வெளியே எடுத்து ஈராக்கியப் படையினர் சாகவிட்டனர் என்றாள். அது நாடெங்கும் பரவி, போருக்கான குரலை வலுப்படுத்தியது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அவள் கூறியதற்குச் சான்று இல்லை என்பதும் போர் முடிந்த பின்னரே உலகுக்குத் தெரிந்தன. குவைத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மையானது. ஆனால் அந்த உண்மையோடும் ஒரு பொய் சேர்க்கப்பட்டது.

அடுத்த போருக்கு முழுப் பொய்யே போதுமானதாயிற்று. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில், ஈராக்கிடம் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் உள்ளன என்றார். அதற்கு முக்கிய ஆதாரம் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஓர் ஈராக்கியரின் கூற்று. ஆறே வாரங்களில் படையெடுப்பு தொடங்கியது. பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. தாம் கூறியது கட்டுக்கதை என்று அந்த மனிதரே 2011-இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஈராக்கில் லட்சக்கணக்கான உயிர்கள் பறிபோயிருந்தன.

இந்நிகழ்வுகளைப் படிக்கும்போதெல்லாம் ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் என் நினைவுக்கு வருகிறது. அது அருளப்பட்ட பின்னணியைத் தஃப்ஸீர் நூல்கள் விவரிக்கின்றன. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் பெற்றுவர நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். அவர் பாதி வழியில் அஞ்சித் திரும்பி வந்து, அவர்கள் ஜகாத் தர மறுத்து என்னைக் கொல்ல முனைந்தனர் என்றார். மதீனாவில் படை புறப்படும் நிலை உருவானது. விசாரித்தபோது அக்கூட்டத்தார் தொழுகையிலும் கீழ்ப்படிதலிலும் உறுதியாக இருப்பது தெரியவந்தது. அறியாமல் ஒரு சமுதாயத்துக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருக்க, வரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை இறங்கியது.

கவனியுங்கள்: இது வெறும் ஒழுக்கப் போதனை அன்று. ஒரு போர் தொடங்காமல் தடுக்கப்பட்ட வரலாறு. மதீனாவில் விசாரணை முந்தியது. ஈராக்கில் படை முந்தியது.

"நாம் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாலா போர் வரப்போகிறது?" என்று சிலர் கேட்கலாம். தனி ஒரு செய்தியால் வராதுதான். ஆனால் மக்கள் மனம் பழுக்காமல் எந்த அரசும் போரை எளிதில் தொடங்குவதில்லை. செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் ஹுசைனுக்குப் பங்கிருக்கலாம் என்று, 2003-ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பு ஒன்றில் அமெரிக்கர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 7 பேர் நம்பினர். அப்படியொரு தொடர்பு இருக்கவில்லை. அச்சம், பாதுகாப்பு பற்றிய செய்தி வந்ததும் அதைப் பரப்பிவிடுவோரை ஸூரத்துந் நிஸாவின் 83-ஆவது வசனம் கண்டிப்பது இதனால்தான். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நபிமொழியின் கருத்து.

ஆரவாரம் செய்த மாணவர்களிடம் மறுநாள் ஒரு நிகழ்வைச் சொன்னேன். 2020 ஜனவரி 8 அன்று, அமெரிக்காவுடனான பதற்றத்தின் உச்சத்தில், டெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரைன் பயணிகள் விமானத்தை எதிரியின் ஏவுகணை என்று கருதி ஈரானியப் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேரும் மாண்டனர். அவர்களுள் பலர் ஈரானியர்களே. போர் அறிவிக்கப்படவில்லை, பதற்றம் மட்டுமே உயிர்களைக் கொண்டுபோனது. ஏவுகணைக்கு நம்மவர், அயலவர் என்ற பேதம் தெரியாது. மாணவர்கள் மறுமொழி கூறவில்லை. சற்று நேரம் கழித்து அவர்களில் ஒருவன், "அவன் வாப்பாட்ட பேசியாச்சா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டான்.

எதிரியைச் சந்திக்க ஆசைப்படாதீர்கள், அல்லாஹ்விடம் நலவாழ்வைக் கேளுங்கள் என்றே நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குக் கற்பித்தார்கள். இது கோழைத்தனம் அன்று. போர்க்களம் கண்டவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. அநீதியை அநீதி என்று உரக்கச் சொல்வோம். காஸாவுக்காகக் கண்ணீர் வடிப்போம். ஆனால் போரை விரும்பும் நாவு நமக்கு வேண்டாம். 2003 பிப்ரவரி 15 அன்று உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் திரண்டு போர் வேண்டாம் என்றனர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் தோற்றிருக்கலாம்; ஆனால் உண்மையின் பக்கம் நின்றார்கள்.

எனவே பெற்றோர்களே, போர்க் காணொளி ஒன்று கைக்கு வந்தால் பிள்ளைகளோடு அமர்ந்து மூன்றைக் கேளுங்கள்: இது எங்கே எப்போது எடுக்கப்பட்டது? இதைச் சொல்பவர் யார்? இதைப் பரப்புவதால் யாருக்கு நன்மை? விடை தெரியாவிட்டால் அது உங்கள் கைப்பேசியோடு நின்றுவிடட்டும். வளைகுடாவில் இருப்போரிடம் அச்சமூட்டும் வதந்திகளைக் கேட்காமல், நலம் விசாரியுங்கள்.

ஆட்சியாளர்களின் நாவு நம் கையில் இல்லை. நம் நாவைக் குறித்து நாம் விசாரிக்கப்படுவோம். யா அல்லாஹ்! பிழைப்புக்காகத் தொலைவில் வாழும் எங்கள் உறவுகளையும், குண்டுகளின் நிழலில் வாழும் எல்லா மக்களையும் பாதுகாப்பாயாக! எங்கள் நாவுகளைப் பொய்யிலிருந்து காப்பாயாக! ஆமீன்.