மேக்காங் கரையில் ஏழு கல்லறைகள்

பாங்காக் நகர இரயில் நிலையம்; காலை 8 மணி. ஒலிபெருக்கியில் நாட்டுப் பண் எழுந்ததும், விரைந்து கொண்டிருந்தோர் யாவரும் நின்ற இடத்திலேயே அசையாது நின்றனர். நானும் நின்றேன். மாலை 6 மணிக்கும் இவ்வாறே நிகழும். கொடிக்கும் பண்ணுக்கும் மரியாதை செலுத்த வேண்டுமென்பது, 1939இல் பிரதமராயிருந்த படைத்தலைவர் பிபுன் சோங்கிராம் அரசு இட்ட கட்டளைகளுள் ஒன்று. சயாம் என்னும் பழம்பெயர் தாய்லாந்து என மாறியதும் அவ்வாண்டிலேயே. மக்கள் உடுக்கும் உடை, பேசும் மொழி, வாங்கும் பொருள் அனைத்தையும் அவ்வரசு வகுத்துரைத்தது.

நாட்டை நேசித்தல் நற்பண்பே. ஆயினும் அந்நேசத்தை ஆட்சியாளர் அளந்து பார்க்கத் தொடங்கினால் என்ன நேரும்? அதனைக் காண வடகிழக்கே, முக்தகான் மாகாணத்துச் சோங்கோன் சிற்றூருக்குச் சென்றேன். மேக்காங் ஆற்றின் இக்கரையில் ஊர், அக்கரையில் லாவோஸ். 1940இல் லாவோஸ் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரான்சுடன் எல்லைப் போர் மூண்டபோது, கத்தோலிக்க மறைக்குப் 'பகைவர் மதம்' என்று பெயர் சூட்டப்பட்டது. பிரெஞ்சுக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். விசுவாசத்தைக் கைவிடுமாறு காவலர் ஊராரை அச்சுறுத்தினர்.

டிசம்பர் 16ஆம் நாள் உபதேசியார் பிலிப் சிபோங் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து நாட்களுக்குப் பின், புனித முடியப்பர் திருநாளன்று, ஆக்னஸ் பிலா, லூசியா கம்பாங் என்னும் இரு கன்னியரும், முதியவர் ஆகத்தா புத்தாவும், மூன்று இளம் பெண்களும் கல்லறைத் தோட்டத்தில் உயிர் நீத்தனர். அவர்களுள் இளையவளான மரியா போனுக்கு வயது 14. அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர், அம்மண்ணின் மக்கள். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1989இல் எழுவரையும் முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார்.

பிபுன் ஆட்சி 1957இல் கவிழ்ந்தது, கவிழ்த்தவரும் படைத்தலைவரே. 1976 அக்டோபர் 6 அன்று, தம்மசாத் பல்கலைக்கழக மாணவர் நாட்டுக்கும் சமயத்துக்கும் மன்னருக்கும் பகைவர் எனப் பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அன்று மாலையே படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 2006லும் 2014லும் மீண்டும் அவ்வாறே கைப்பற்றினர். 2017இல் வந்தது, 1932க்குப் பின் 20ஆவது அரசியலமைப்பு. ஆண்டுகள் மாறின, எதிர்ப்போரைப் பகைவராக்கும் வழக்கம் மாறவில்லை.

மாலை 6 மணி. ஊர் ஒலிபெருக்கியில் அதே நாட்டுப் பண் எழுந்தது. கல்லறைகளின் முன் செபித்திருந்த மூதாட்டி ஒருவர், கையிற் செபமாலையோடு எழுந்து நிமிர்ந்து நின்றார். பண் முடிந்ததும், விட்ட மணியிலிருந்து செபத்தைத் தொடர்ந்தார். இரண்டும் ஒரே உள்ளத்தில் அடங்கும் என்பதே 1940இன் ஆட்சியாளருக்கு விளங்காமற் போயிற்று.

அன்பர்களே, அண்டை வீட்டாரை அந்நியர் என்று எவரேனும் உங்களிடம் சுட்டிக்காட்டினால், இவ்வேழு கல்லறைகளை நினைவிற் கொள்ளுங்கள்.