கோத்ததைப் பிரிப்பதும் ஒரு வேலை

இளம் வயதில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான். காலமான மனைவியின் சமையல் நோட்டைப் புத்தகமாக்க ஆசை. அதற்கு டொனால்ட் க்னூத் 1978-ல் தந்த 'டெக்' மென்பொருளைத் தேர்ந்தேன். தன் புத்தகத்தின் அச்சுக்கோப்பு பிடிக்காமல் அவரே எழுதியது அது.

பூந்தமல்லி வீட்டில் பழைய லேப்டாப், உபுண்டு. கறுப்புத் திரையில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெக்லைவ்-ஃபுல்' என்று அடித்தேன். பல ஜிபி இறங்கியது. நோட்டைப் படமெடுத்து ஏற்ற இடமில்லை.

'ஆப்ட் ரிமூவ் டெக்லைவ்-ஃபுல்' என்றேன். இடம் அப்படியே இருந்தது!

பேரன் சிரித்தான். "தாத்தா, அது வெறும் பட்டியல்தான். அது கூட்டிட்டு வந்ததெல்லாம் போகணும்னா 'ஆட்டோரிமூவ்' போடணும்."

"பாட்டி குறிப்பும் போயிடுமாடா?"

"நீங்க டைப் பண்ணினதை அது தொடாது."

அச்சு முடிந்ததும் எழுத்தைப் பிரித்துக் கேஸில் போடுவோமே, அதே வேலை. நீக்கப்போகும் பெயர்களை வரிவரியாகப் படித்தபின்தான் 'ஒய்' தட்டினேன். பல ஜிபி திரும்பியது. யூனிகோடு தமிழுக்காக 'டெக்லைவ்-ஸீடெக்' மட்டும் நிறுவினேன்.

நேற்று வத்தக்குழம்புப் பக்கம் தயார். அவள் கையெழுத்து அதில் இல்லை. 'புளி எலுமிச்சை அளவு, உப்பு கை அறியும்' என்ற அவள் கணக்கு மட்டும் மாறாமல் இருக்கிறது.