நாடியும் அழுத்தமும்

1896-ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி புஜத்தில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையை அமைத்ததும், 1905-இல் ருஷ்ய ரண வைத்தியர் கொரோட்காவ் அப்பட்டையின் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலி கேட்கும் முறையை வகுத்ததும், இரத்த அழுத்தத்தை அளக்கும் கலைக்கு அஸ்திவாரமாயின. இன்றோ பட்டையே வேண்டாம், என் மணிக்கட்டில் கிடக்கும் கடிகாரம் போன்றதொன்றே போதும் என்கிறார்கள்.

இருதயத்திலிருந்து புறப்படும் நாடி அலை, அழுத்தத்தால் தமனியின் சுவர் விறைப்புறும்போது விரைந்தோடுகிறது. ஆகவே, இருதயத்தின் மின் துடிப்புக்கும், தோலில் ஒளியைப் பாய்ச்சி உணரப்படும் நாடித் துடிப்புக்கும் இடைப்பட்ட அவகாசம் குறையக் குறைய, அழுத்தம் ஏறியிருக்கிறதென்று யந்திரம் அனுமானிக்கிறது. வயோதிகத்தால் கடினமான தமனியும், குளிரில் சுருங்கிய இரத்தக் குழாயும், கையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அந்த அனுமானத்தைப் பிறழச் செய்யும். இரத்த அழுத்தம் காட்டும் சாம்சங் கடிகாரத்தைக்கூட 28 நாட்களுக்கு ஒருமுறை பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கமும் 2022-இல், நோயை நிர்ணயிக்கவோ சிகிச்சையைத் தீர்மானிக்கவோ பட்டையில்லாத இத்தகைய கருவிகளைக் கொள்ளலாகாதென்று அறிவித்தது.

ஆகையால் நண்பர்களே, கடிகாரம் எச்சரித்தால் அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் அது காட்டும் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முற்படாமல், பட்டை கட்டி அளந்து, வைத்தியரிடம் சென்று கேளுங்கள்.