சிறுமலைத் தோட்டத்து நாய்க்கு ஓராண்டுப் பழக்கம்

திண்டுக்கல்லில் இருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் சிறுமலை. கீழே முருங்கையும் மக்காச்சோளமும் பார்த்து வந்தவர்களுக்கு, மேலே மலைவாழை, காபி, மிளகு, பலா, எலுமிச்சை எல்லாம் ஒரே தோட்டத்தில் கலந்து நிற்பது புதிதாக இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழை விளைவது இங்குதான். வண்டிப்பாதை இல்லாத தோட்டங்களில் இருந்து விளைச்சலைக் குதிரைகள்தான் சுமந்து வருகின்றன. தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். இருட்டினால் காட்டுப்பன்றியும் காட்டுமாடும் எட்டிப் பார்க்கும். அதனால் காவலுக்கு நாய் வளர்க்கிறார்கள்.

நாயைப் பழக்குவதில் மலைக்கும் சமவெளிக்கும் வேறுபாடு உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஓடுவதைக் கண்டால் துரத்தும் இனங்கள். திறந்த மானாவாரி நிலத்தில் அது பலம். மலையில் அதுவே ஆபத்து. துரத்திக்கொண்டு காட்டுக்குள் போன நாயைப் பன்றி கோரைப்பல்லால் கிழித்துவிடும். மிரண்ட காட்டுமாடு நாயைத் துரத்தினால், நாய் ஓடி வருவது வளர்த்தவரிடம்தான். பின்னாலேயே மாடும் வரும். நாயை ஏவி வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஆகவே இங்கே தேவை, எல்லையில் நின்று குரைத்து, கூப்பிட்டதும் திரும்பி வரும் நாய். அதற்கு உள்ளூர் நாட்டு நாயே போதும்.

மார்கழியில் பிறந்த குட்டியை எட்டு வாரம் தாயிடம் விட்டு, மாசியில் எடுத்து வரலாம். முதல் வேலை, பெயர் சொன்னால் வரப் பழக்குவது. வந்த உடனே ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுக்க வேண்டும். அடித்தால் அடுத்த முறை வராது. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லால் அழைப்பது முக்கியம். இந்த வயதிலேயே குதிரை, கோழி, ஆடு, வேலையாட்களைக் காட்டிவிட வேண்டும். சுமைக் குதிரையைக் கண்டு பாய்கிற நாய், ஒற்றையடிப் பாதையில் குதிரையையும் ஆளையும் பள்ளத்தில் தள்ளிவிடும்.

சித்திரை, வைகாசியில் 10 மீட்டர் கயிறு கட்டி, தினமும் காலையும் மாலையும் வேலி ஓரமாக நடத்திச் செல்லலாம். வேலியைத் தாண்டப் பார்த்தால் பெயர் சொல்லி அழைத்து, திரும்பியதும் தீனி கொடுக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆடி, ஆவணியில் பகலில் கயிறில்லாமல் விட்டுப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையாத படுக்கை வேண்டும்; காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். இரவுக் காவலுக்கு ஒரு வயது நிறைந்த பிறகு விடுவதே நல்லது.

இவ்வளவு பழக்கியும் வெறிநாய்க்கடி தடுப்பூசியை விட்டுவிட்டால் பயனில்லை. மூன்று மாதத்தில் முதல் ஊசி, அடுத்த மாதம் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மலையில் இருந்து சந்தைக்கு இறங்கும் நாளிலேயே இதற்கும் நேரம் ஒதுக்கலாம். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.